பொங்கல் தின்ற கால்கள்

ஆயுத பூஜைக்காகக் காலையிலிருந்து பட்டறையில் லேத் இயந்திரங்களுக்கு அடியில் கிடந்த இரும்புச் சீவலை அள்ளிக் கொட்டினேன். பூஜை முடிந்ததும் இரண்டு தொன்னை சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தேன். பிறகு எழ முயன்றபோது கால்கள் அசையவில்லை. வலியும் இல்லை, மரத்துப்போகவும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், அந்தப் பட்டறையில் பதினோரு வருடமாக உழைக்கிறவன் நான். சூப்பர்வைசர் சம்பத் எல்லார் முன்னிலையிலும் குனிந்து என் வாயை முகர்ந்தார்.

"இன்னா நைனா, பூஜை அன்னிக்கே ஊத்திக்கினு வந்துகீறியா?"

"குடிக்கலண்ணே. காலு வர மாட்டேங்குது."

"நடிக்காத. இத்த குடி, தெளிஞ்சிடும்."

குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஒரு சொம்பு குடிக்கவைத்தார். சற்று நேரத்தில் கைகளும் அசையாமல் போயின. சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றும் சொல்வேன். என் மனைவி மல்லிகா ஆட்டோவுடன் வரும்வரை அப்படியே கிடந்தேன்.

மருத்துவமனையில் நடந்ததையெல்லாம் கேட்டு, இரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, பொட்டாசியம் மிகக் குறைவு என்றார்.

"உடம்புல அது தீந்துபோகல. ரத்தத்துல இருந்து தசை செல்லுக்குள்ள போயிடுச்சு. கடுமையா உழைச்சிட்டு, இனிப்பு சாப்பிட்டு உக்காந்தா இப்படி ஆகும். குளுக்கோஸ் யார் குடுத்தது?"

சம்பத்தின் பெயரைச் சொன்னேன். நல்லவேளை, நாக்கு வேலை செய்தது.

நோயின் பெயர் பொட்டாசியக் குறைவு வாதம் (தசை செல்லின் சவ்வில், அயனிகள் என்னும் மின்னேற்றமுள்ள உப்புத் துகள்கள் போய்வரும் வாயில்களில் பிறவிப் பழுது). எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம் என்றார்கள். கரிப்பும் கசப்புமான பொட்டாசிய மருந்தைக் கொடுத்தார்கள். மறுநாள் காலை நடந்தேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிக் கைகால் விழுந்தால், சர்க்கரைத் தண்ணீர் புகட்டாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

குடியல்ல, நோய்தான் என்று டாக்டர் எழுதிய கடிதத்தோடு வேலைக்குப் போனேன். சம்பத் தன் அறைக்குள் கூப்பிட்டு, "தெரியாம சொல்ட்டேன்பா, மன்சுல வெச்சிக்காத" என்றார்.

"எல்லார் முன்னாலயும் குடிகாரன்னு சொன்னீங்க. அதே எடத்துல வந்து சொல்லுங்க."

அவர் வரவில்லை. கடிதத்தை நகலெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். கிழித்தார். மறுநாளும் ஒட்டினேன். எத்தனை முறை கிழித்தாலும் ஒட்டுகிறேன்.

"வுட்டுத் தொலையேன்யா, ஒடம்ப பாரு" என்கிறாள் மல்லிகா. விட மனமில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை.

முன்பெல்லாம் எனக்கு நாள் என்றால் ஷிப்ட். இப்போது கண் விழித்ததும் கால் கட்டைவிரலை அசைத்துப் பார்க்கிறேன். அது அசைந்த பிறகே நாள் தொடங்குகிறது. இன்றும் அசைந்தது. மாத்திரையை விழுங்கி, அடுத்த நகலைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறேன். சம்பத் எல்லார் முன்னாலும் வாய் திறக்கும்வரை இந்தக் கால்கள் எனக்கு வேண்டும்.