வெள்ளித் தகட்டில் ஒரு கை

எங்கள் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் கிடையாது. மதில் இருந்தது, மதில்மேல் கண்ணாடிச் சில் பதித்திருந்தது, அதற்கும் மேலே திருத்தணி மலை தெரிந்தது. அரசாங்கம் சீர்திருத்தப் பள்ளி என்று பெயர் வைத்திருந்தது. ஊர்க்காரர்கள் பையன் ஜெயில் என்றார்கள். உள்ளே இருந்த நாங்கள் ஸ்கூல் என்றே சொல்லிக்கொண்டோம். அதில் எங்களுக்கு ஒரு வீம்பு.

எழுபதுகளின் நடுவில், அரக்கோணம் யார்டில் ரயில்வே இரும்பைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிடிபட்டு அங்கே வந்தவன் நான். எட்டாவது தேறினால் அதே ரயில்வேயில் ஏதாவது வேலைக்குப் போய்விடலாம் என்ற ஆசையும் எனக்குத்தான் இருந்தது. "இரும்பு தூக்கினவனுக்கு எஞ்சினையே தூக்கிக் குடுப்பாங்க, போடா" என்று பையன்கள் கேலி செய்வார்கள். தேறாமல் வெளியே போனால் பள்ளிப்பட்டில் நைனாவின் குழித்தறிதான். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நாள் முழுக்கக் குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் தொழில். தச்சு, தையல், நெசவு என்று ஆளுக்கு ஒன்று. நான் செய்த முட்டாள்தனம், முதல் நாளே நெசவுக் கொட்டகையில் அறுந்த பாவு நூலை வேறெங்கோ பார்த்துக்கொண்டு முடிச்சுப் போட்டது. நெசவு மாஸ்டர் பார்த்துவிட்டார்.

"எந்த ஊருடா?"

"பள்ளிப்பட்டுங்க."

"அதான பார்த்தேன்."

அவ்வளவுதான். ஆஸ்பத்திரிகளுக்கும் ஹாஸ்டல்களுக்கும் துண்டும் போர்வையும் நெய்து அனுப்ப வேண்டிய பொறுப்பு அவருடையது. மற்ற பையன்கள் நெய்தால் கொசுவலை மாதிரி இருக்கும். அதனால் காலையிலும் என்னைத் தறியிலேயே உட்காரவைத்தார். வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால், "தறியில கீறான் சார்" என்று யாராவது சொல்வார்களாம். தறிச் சத்தத்துக்கு நடுவே, பக்கத்தில் பின்னக் கணக்குச் சொல்லித்தருவது அரைகுறையாகக் காதில் விழும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

"கெட்டுப்போற மாரி நெய்யி, அவரே தொரத்திடுவாரு" என்றான் தையலில் இருந்த கூட்டாளி.

சொல்வது சுலபம். ஓர் இழை விட்டுப்போனால் அன்றைக்குச் சோறு கிடையாது என்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். கெடுக்க வேண்டும் என்று உட்காருவேன். கை தானாக நேராக்கிவிடும். நெய்யப் பழகியதைவிடக் கெடுக்கப் பழகுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒருவழியாகக் கரை கோணியது, நடுவில் இழை தொங்கியது, துணி ஓட்டை ஓட்டையாகக் கண்விட்டது. மாஸ்டர் பிரம்பால் முதுகில் போட்டுப் பார்த்தார். அடுத்த துண்டும் அப்படியே வரவும் தலையில் அடித்துக்கொண்டார்.

"உனக்குக் கை போச்சுடா. போ, போய் படி."

அன்று வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருந்தது ஒன்றுமே புரியவில்லை. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆடிக் கிருத்திகைக்குப் பெற்றோர் வந்து பார்க்கலாம். சாமியையும் பிள்ளையையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று பலர் அன்றைக்குத்தான் வருவார்கள். நைனாவும் காவடி இறக்கிய கையோடு, மொட்டைத் தலையில் சந்தனத்துடன் வந்தார். எங்கள் எல்லோருக்கும் எப்போதும் மொட்டைதான். அந்த ஒரு நாள் மட்டும் ஊரோடு ஊராக இருந்தோம்.

வந்தவர்களிடம் அவரவர் பிள்ளை செய்ததைக் காட்டுவது அங்கே வழக்கம். மாஸ்டர் நான் கெடுத்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"உங்க பையன் நெய்ஞ்சதுதான், பாருங்க."

நைனா கரையைக் கட்டைவிரலால் தடவினார். முகம் செத்துப்போயிற்று. துண்டைக் கீழே வைத்துவிட்டு என் கையை இழுத்து, விரல் விரலாக மடக்கினார், நீட்டினார், கணுக்களை அழுத்திப் பார்த்தார்.

"இன்னாடா ஆச்சு கைக்கு? அடிச்சு ஒடச்சிட்டாங்களா?"

நெசவாளி வீட்டுப் பிள்ளை வேண்டுமென்றே துணியைக் கெடுப்பான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. மாஸ்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் மறுபடியும் தறிதான். "ஒன்னுமில்ல நைனா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அதை அவர் வலி என்று எடுத்துக்கொண்டார். "சாமி இருக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே போனவர், பஸ்ஸுக்குப் போகாமல் மறுபடி மலையைப் பார்த்து நடந்தார்.

பரீட்சை எழுதினேன், தேறினேன். என்னை வெளியே விட்ட அன்று நைனா வாசலில் நின்றிருந்தார். முதலில் கையைத்தான் கேட்டார். மடக்கி நீட்டிக் காட்டினேன். வீட்டுக்குப் போகாமல் மலைக்குக் கூட்டிப்போனார். பாதிப் படியில் மடியிலிருந்து ஒரு வெள்ளித் தகட்டை எடுத்தார். ஐந்து விரலும் விரிந்த ஒரு சின்னக் கை. உடம்பு குணமானவர்கள் உண்டியலில் போடுவது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "நைனா, கைக்கு ஒன்னும் ஆவல. படிக்கணும்னு நான்தான் வேணும்னே கெடுத்தேன்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"கை மட்டும் சரியாயிடட்டும், இவனத் தறியில ஒக்கார வெக்க மாட்டேன்னு வேண்டிக்கினேன்டா" என்றார். என்னை விட்டால் அந்தத் தறிக்கு அவருக்கு வேறு ஆள் கிடையாது.

"அதான் கைக்கு ஒன்னும் ஆவலியே நைனா. அது எப்படி வேண்டுதலாவும்?"

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"பொய் சொன்னது நீ. நான் சாமிகிட்ட நெஜமாதான சொன்னேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.