பின்சில்லுகளுக்குக் காய்ச்சல்

போன கிழமை நானும் மனைவி வசந்தியும் வெருகல் முருகனிடம் போய் வந்தோம். இதில் என்ன புதினம் என்கிறீர்களா? வீட்டையே கொண்டு அல்லவா போனோம்!

பழைய வான் ஒன்றுக்குள் கட்டில், காஸ் அடுப்பு, ஃபேன் எல்லாம் பூட்டி, ஒரு வருடமாக நான் செய்த வீடு அது. இருதய ஆபரேஷனுக்குப் பிறகு வசந்திக்கு வழியில் களைத்தால் படுக்க இடம் வேண்டுமே... ஆனால் அந்த வான் ஒடுங்கிய ஒழுங்கைகளுக்குள் நுழையாது. அதனால் எங்கள் சின்னக் காரை இரும்புக் கம்பியால் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போனோம்.

வசந்தி ஓய்வுபெற்ற நேர்ஸ். நாங்கள் இருக்கிற ஓர்ஸ் ஹில் மேட்டின் ஏற்ற இறக்கமெல்லாம் அந்தக் காரை ஓட்டித் திரிந்தவள். இனி கார் ஓடலாம் என்று டொக்டர் சொல்லியே மூன்று மாதம். விடாதவன் நான்தான். பயம், வேறென்ன?

“வெருகலிலயாவது ஓட விடுங்கோ,” என்று வெளிக்கிடும்போதே கேட்டாள்.

“பார்ப்பம்,” என்றேன். நான் பார்ப்பம் என்றால் ஏலாது என்று அர்த்தம். அது அவளுக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

கிண்ணியாப் பாலம் தாண்டியதும் ஏதோ எரிகிற மணம். வானும் இழுக்க முடியாமல் முனகியது. ஓரமாக நிறுத்தி இறங்கினேன். கம்பியை ஆட்டிப் பார்த்தேன் — இறுக்கமாகத்தான் இருந்தது. காரின் கியர்? நியூட்ரலில்தான்.

“கார் பழுதாப் போச்சுது. திரும்புவம்,” என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. ஆனாலும் இறங்கி வந்து, பிள்ளையின் நெற்றியைப் பார்க்கிற மாதிரி, காரின் நாலு சில்லுக்கும் கிட்டே புறங்கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“முன்சில்லு ரெண்டும் சுகம். பின்சில்லு ரெண்டுக்கும்தான் காய்ச்சல். எப்ப மணக்கத் தொடங்கினது?”

“பிள்ளையார் கோயிலடியில நிண்டு வெளிக்கிட்ட பிறகு.”

“அங்க என்ன செய்தனீங்கள்?”

“தேங்காய் எடுக்கக் காருக்குள்ள ஏறினனான்...”

அவள் கார்க் கதவைத் திறந்தாள். ஹேண்ட்பிரேக் மேலே நின்றது!

தேங்காய் உடைக்காமல் நம்மில் யார் தூரப் பயணம் போவார்? டிரைவர் இருக்கையில் ஏறி, பின்னால் கிடந்த தேங்காயை எட்டி எடுத்திருக்கிறேன். இறங்கும்போது, ஓர்ஸ் ஹில் சரிவில் பழகிய கை தன் பாட்டில் பிரேக்கை இழுத்துவிட்டது. விக்கினம் தீர்க்கப் போன இடத்தில் விக்கினத்தை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வசந்தி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சில்லுகள் ஆறும் வரை வானுக்குள் தேத்தண்ணி போட்டுக் குடித்தோம்.

வெருகலில் வானை நிறுத்தி, கம்பியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால்... டிரைவர் இருக்கையில் வசந்தி!

நான் வாயைத் திறக்க முன்னமே, “பார்ப்பம் எண்டு சொல்லாதேங்கோ. ஏறுங்கோ,” என்றாள்.

ஏறினேன். நெஞ்சு படபடத்தது — எனக்குத்தான், அவளுக்கில்லை.

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கை மறக்காமல் இறக்கினாள்.