முதல் கிண்ணம் அக்காவுக்கு

பந்திக்கு முந்து என்பார்கள். என் அக்காவுக்கு அதுவே உத்தியோகம். பெரிய இடத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் அவள் தலைமைச் சமையல்காரி. நான் காய் நறுக்குபவள். ஒருமுறை சாப்பாடு கெட்டுப்போய்ப் பாதிப் பள்ளி ஆஸ்பத்திரியில் கிடந்தது. அதிலிருந்து ஒரு விதி: ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் அக்கா ஒரு கிண்ணம் சாப்பிட வேண்டும். அவள் விழாமல் நின்றால்தான் சாப்பாட்டு மணி அடிக்கும். நீ மனுஷியா, சோதனை எலியா என்று நான் கத்துவேன். "மக ஓசியில படிக்கிறாடி, பேசாம இரு" என்பாள். ஊழியர் பிள்ளைக்கு இலவச இடம். ஒரு புகார் வந்தால் அதோடு சரி.

ஆண்டு விழா அன்று அக்கா மகள் சமையலறைப் பக்கம் வந்தாள். முகமே சரியில்லை. அவள் வாங்க வேண்டிய முதல் பரிசைப் பள்ளி முதல்வர் ஓர் அறங்காவலரின் மகனுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார். அவள் சட்டைப் பையில் காலி மாத்திரை அட்டைகள் துருத்திக்கொண்டிருந்தன. ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"என்னடி இது?"

"தூக்க மாத்திரை, சித்தி. முதல்வர் மேசை சூப்புல போட்டுட்டேன். பேசும்போது தூங்கி விழட்டும்."

"அடிப்பாவி! உங்கம்மா குடிப்பாளே!"

"அம்மா ருசி பார்த்து முடிச்சிருப்பாங்கன்னு நினைச்சேன்..."

வழக்கமாக ருசி பார்ப்பது சமையலறையிலேயே முடிந்துவிடும். அன்று மட்டும் விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று முதல்வர் அதை விழாக் கூடத்துக்கு மாற்றியிருந்தார். விழுந்தடித்து ஓடினேன்.

அக்கா மேடையில் நின்று சூப்புக் கிண்ணத்தைக் காலி செய்திருந்தாள். காதோடு விஷயத்தைச் சொன்னேன். பேயறைந்தவள் போல என்னைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற மகளை. சத்தம் போட்டால் மகள் கதி அதோகதி. சும்மா இருந்தால் ஒரு மேசையே அதைக் குடிக்கும். அக்கா கரண்டியை நன்றாக நக்கினாள், அப்படியே சூப்புக்குள் விட்டாள்.

"ஐயையோ, பழக்க தோஷம்ங்க ஐயா!"

அறங்காவலர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "சே, மேனர்ஸே கிடையாதா? கொண்டு போய்க் கொட்டுங்க!" என்று முதல்வர் கத்தினார். வேறு நாளாக இருந்தால் அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். பாத்திரத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுத் திரும்பினேன்.

மற்றப் பாத்திரங்களுக்காக அக்கா இன்னும் நின்றே ஆக வேண்டும். விழுந்தால் விஷம் என்பார்கள், போலீஸ் வரும். முதல்வர் பேசத் தொடங்கினார். அந்தப் பேச்சுக்கு மாத்திரையே தேவையில்லை. ஓர் அறங்காவலர் குறட்டையே விட்டார். அக்காவுக்குக் கண் சொருகியது. தொடையைக் கிள்ளினாள். உதட்டைக் கடித்து ரத்தம் வந்தது. என்னால் போய்த் தாங்கிப் பிடிக்கவும் முடியவில்லை.

ஒருவழியாக மணி அடித்தது. சமையலறை வரை தானே நடந்து வந்து, உள்ளே சரிந்தாள்.

"மயக்கம்னு சொல்லு... டாக்டர் வேணாம்... சீட்டு போயிடும்..." நாக்குக் குழறியது. பிறகு பேச்சில்லை.

மகள் உலுக்கிப் பார்த்தாள். எழுந்து கூடத்துக்கு ஓடி முதல்வர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"சூப்புல தூக்க மாத்திரை போட்டது நான்தான்! எங்கம்மா குடிச்சிட்டாங்க! டாக்டரைக் கூப்பிடுங்க!"

அக்கா பிழைத்தாள். மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தவளிடம், வேலையும் போச்சு, படிப்பும் போச்சு என்றேன்.

"இவ்வளவு படிச்சும் உனக்கு வாயை மூடத் தெரியலையேடி," என்று மகளைத் திட்டினாள் அக்கா. "நான் செத்திருந்தாலும் உன் சீட்டு இருந்திருக்கும்."

"உன்னைக் கொன்னுட்டு அங்க உட்காந்து என்னத்தம்மா படிக்கிறது?"

அக்கா கையை நீட்டினாள். மகளை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.