கோஷா ஆட்டத்தில் வராத சீன்

ஈரச் சாக்கில் சுற்றிவைத்த பீடி இலைக்கு ஒரு வாசனை உண்டு. மழை விட்ட பிறகு மரத்தடிச் சருகைக் கிளறினால் வருமே, அது பாதி, மூக்கை அரிக்கும் புகையிலைத் தூளின் காரம் பாதி. பாலாற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பினால் தோல் பதனிடும் டேனரியின் சுண்ணாம்புத் தொட்டி நாற்றமும் வந்து அதில் கலந்துகொள்ளும். அந்த வாசனைக்கு நடுவே உட்கார்ந்துதான் நான் சிறுவயதில் பார்த்த படங்களை எல்லாம் சொன்னேன். பார்த்தது ஒரு முறை, சொன்னது பல முறை.

இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதிச் சுவர் டிவிதான். ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் என் மருமகள் தேவி, ஞாயிற்றுக்கிழமை துணியைக் காயப்போட்ட கையோடு ஒரு படத்தைப் போடுவாள். நான் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு பார்ப்பேன். போன வாரம் பார்த்த படத்தில் நாயகன் வந்ததிலிருந்து சுட்டுக்கொண்டே இருக்கிறான், எதிரில் வருகிறவனெல்லாம் விழுந்துகொண்டே இருக்கிறான். செத்த அத்தனை பேரில் ஒருத்தனுக்காவது வீட்டில் சோறு ஆறிப்போயிருக்க வேண்டாமா, ஒருத்தன் பெண்டாட்டியாவது ஓடிவந்து அழ வேண்டாமா என்று கேட்டேன். அதற்கு முந்தின வாரம் பார்த்தது வேறு ரகம். பேச்சுவார்த்தை இல்லாத அப்பனும் மகளும் ஒரே காரில் ஊருக்குப் போகிறார்கள், படம் முழுக்க அவ்வளவுதான். தேவிக்குத் தூக்கம் வந்துவிட்டது. எனக்குப் பிடித்தது. அந்த அப்பன் வழியில் இறங்கி டீ வாங்கிவந்து, மகள் கையில் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போய் முன்னால் உட்காருகிறான். அந்த இடத்தில் பாட்டைப் போட்டுக் கெடுத்துவிட்டார்கள், போட்டிருக்கக் கூடாது என்று சொன்னேன்.

"நீங்க டைரக்டரா போயிருக்கணும் அத்த" என்றாள் தேவி.

"போயிருப்பேன். யாரும் கூப்புடல."

நான் சும்மா சொல்லவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், பல விஷயங்களில் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். படத்தைப் பற்றிய பேச்சில் மட்டும் யாருக்கும் பின்னால் நிற்க மாட்டேன். அந்த உரிமையை எனக்குக் கொடுத்தவர்கள் எங்கள் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த பாய்மார் தெருவின் பெண்கள்.

அப்பா டேனரியில் வேலை. அம்மாவும் நானும் வீட்டில் பீடி சுற்றினோம். அந்தத் தெருவிலும் வீட்டுக்கு வீடு பீடிதான் என்பதால், மத்தியானம் சமையல் முடிந்ததும் எல்லாரும் அவரவர் முறத்தைத் தூக்கிக்கொண்டு கைருன் ஆப்பா வீட்டு உள்முற்றத்தில் வந்து உட்காருவார்கள். "ஆப்பா" என்றால் அக்கா. எனக்கு அம்மா வயது இருக்கும், இருந்தாலும் தெருவுக்கே அவர் ஆப்பாதான். அவர்களெல்லாம் "கோஷா", முகம் மூடாமல் தெருவில் வர மாட்டார்கள், சினிமாக் கொட்டகைப் பக்கம் போகவே மாட்டார்கள். ஆனால் படம் எப்படி இருந்தது என்று தெரியாமல் அவர்களால் இருக்கவும் முடியாது. ஆற்றோரம் போட்டிருந்த "டெண்டு கொட்டாய்"க்கு வாயிலில் டிக்கெட் கிழிப்பவர் என் சித்தப்பா. அதனால் எனக்கு டிக்கெட் கிடையாது. படம் மாறிய மறுநாள் நான் அந்த முற்றத்தின் நடுவில் போய் உட்கார்ந்து கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும், நான் சொல்லி முடிப்பதற்குள் என் பங்கு இலையையும் அவர்களே வெட்டி, சுற்றி, கட்டி முடித்து என் முறத்தில் போட்டுவிடுவார்கள். வேறு ஊரில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கதை சொல்வது லேசு இல்லை. நாயகி என்ன நிறப் புடவை என்று கேட்பார்கள். படமோ கறுப்பு வெள்ளை. மாம்பழ நிறம் என்று சொல்லிவிடுவேன். வில்லன் சிரித்தால் நான் சிரிக்க வேண்டும், மாமியார் ஏசினால் நான் ஏச வேண்டும். "நல்லா ஏசறடி, பழக்கமா?" என்பாள் ஆப்பாவின் பக்கத்து வீட்டு மெஹர். அவளுக்கு எதிலும் சந்தேகம். என் வாய் திறந்தால் பன்னிரண்டு பதினைந்து கைகள் ஒரே வேகத்தில் ஓடும், நான் நிறுத்தினால் கைகளும் நிற்கும். எங்கள் அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "வாய வாடகைக்கு வுட்டுட்டா என் பொண்ணு" என்பாள், பெருமையாகத்தான் சொல்வாள்.

ஒரு கோடையில் வந்த படம் ஒன்று. ஒரு தாய் கூலி வேலை செய்து, கல் சுமந்து வீடு கட்டி மகனை ஆளாக்குகிறாள். பணக்கார மருமகள் வந்ததும் மகன் அவளை வெளியே போகச் சொல்கிறான். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படி இறங்கிப் போய்விடுகிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் முற்றத்தில் சொன்னபோது, அந்தத் தாயை நான் வாசற்படியில் நிறுத்தினேன். திரும்பி மகனைப் பார்க்க வைத்தேன்.

"டேய், இந்த வூட்டுக்குக் கல்லு சொமந்தவ நானு. நீ என்னை வெளிய அனுப்பறன்னு நெனைக்காத. நான் உன்ன உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறேன். சாவி எங்கிட்டதான் இருக்குது. வெளிய வரணும்னா வந்து கேளு."

முற்றத்தில் எல்லாக் கையும் நின்றது. கைருன் ஆப்பா, "இன்னொரு தபா சொல்லு" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். வீட்டுக்காரர் இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்து இருப்பவர் அவர். அந்த வீட்டில் அவர் பாத்திரம் தேய்த்ததும், பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்ததும், தம்பி பெண்டாட்டி உப்பு ஜாஸ்தி எண்ணெய் கம்மி என்று பேசியதும் தெருவுக்கே தெரியும். அவர் ஏன் மறுபடி மறுபடி கேட்டார் என்று எனக்கு அந்த வயதில் புரியவில்லை. என் வசனத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து மிதந்துகொண்டிருந்தேன்.

என்னைத் தரையில் இறக்கியது கொட்டகைக்காரர்தான். பெண்களுக்கு மட்டும் ஒரு "கோஷா ஆட்டம்" போடுவதாகத் தமுக்கு அடித்தார்கள். சாயங்கால முதல் ஆட்டம், உள்ளே ஆண்கள் கிடையாது, சுற்றிலும் படுதா கட்டப்படும், டிக்கெட் கிழிப்பவர் கூட வெளியேதான் நிற்பார். படம் அதே படம். போகலாம் என்று முதலில் சொன்னவர் கைருன் ஆப்பா. "அந்த வாசப்படி சீனை என் கண்ணால பாக்கணும்" என்றார். ஆப்பாவே போகிறார் என்றதும் தெருவே கிளம்பியது.

அந்தச் சீன் வராது என்று கிளம்புகிறவர்களில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். வராமல் போனால் நான் இதுவரை சொன்ன எதையும் நம்ப மாட்டார்கள். அதைவிட, கொட்டகைக்குப் போகும் வழி ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு அவர்களுக்கு நான் எதற்கு? முற்றத்து நடுவிலிருந்த என் இடம் போய்விடும், மற்ற பெண்களைப் போல ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து சுற்ற வேண்டியதுதான். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளப் பார்த்தேன். ஆப்பா ஆள் அனுப்பி இழுத்துக்கொண்டு போனார்.

மணலைக் குவித்து மேடாக்கி வரிசையாக உட்கார்ந்தோம். விளக்கு அணைந்ததும் எல்லாரும் முகத்திரையைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, ஆப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் கதவைத் திறந்தான். தாய் மூட்டையை எடுத்தாள். ஆப்பா முழங்காலில் எழுந்து உட்கார்ந்தார். தாய் படி இறங்கினாள், போனாள், பாட்டு வந்துவிட்டது.

"நிறுத்துப்பா" என்றார் ஆப்பா. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "சீனை எங்க அறுத்த?"

டெண்டுக் கொட்டகையில் ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்க ரீலை அறுப்பது வழக்கம்தான். நானே முற்றத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன். அது இப்போது என் கழுத்துக்கே வந்தது. பெண்கள் எல்லாரும் எழுந்துகொண்டார்கள். "பொம்பளைங்கதான, இன்னா தெரியப்போவுதுன்னு அறுத்துட்டான்" என்று ஒரு பக்கம். "ஆம்பளைங்களுக்குக் காட்டினல்ல, எங்களுக்கும் காட்டு" என்று இன்னொரு பக்கம். மணலை வாரிப் படம் ஓட்டும் கேபின் தட்டிமேல் யாரோ வீசினார்கள். படம் நின்றது, விளக்கு வந்தது, எல்லா முகத்திரையும் ஒரே சமயத்தில் கீழே இறங்கியது.

ஆபரேட்டர் தட்டிக்குப் பின்னாலிருந்தே கெஞ்சினார். "யக்கா, சத்தியமா நான் கைய வைக்கல. பொட்டி வந்த மேனிக்கு ஓட்டறேன். இன்னா சீனுன்னு சொல்லுங்க."

"கஸ்தூரி, எழுந்து சொல்லுடி" என்றார் ஆப்பா.

படுதாவுக்கு வெளியே சித்தப்பாவின் குரலும் கேட்டது. சும்மா இருந்தால் பழி ஆபரேட்டர் தலையில், கூடவே என் சித்தப்பா வேலையும் போகும். எழுந்து நின்றேன். கொட்டகை முழுக்கக் கறுப்புத் துணி, ஒரு முகம் தெரியவில்லை. தாயை வாசற்படியில் நிறுத்தித் திருப்பி, கல் சுமந்ததிலிருந்து சாவி வரைக்கும் ஒரு சொல் குறையாமல் சொன்னேன். முற்றத்தில் சொன்னதைவிட அன்று நன்றாகவே வந்தது.

முடித்ததும் தட்டிக்குப் பின்னாலிருந்து ஆபரேட்டர் சொன்னார், "இது இந்தப் படத்துல இல்ல பாப்பா. எத்தினி தபா ஓட்டிட்டேன், எனக்குத் தெரியாதா? ஆனா இருந்திருக்கலாம்."

மெஹர் என் பக்கம் திரும்பினாள். "அப்போ இத்தினி நாளும் நீயா வுட்டதா? போன படத்துல தங்கச்சிக்குக் கல்யாணம் ஆச்சே, அது?"

"அது இருந்துச்சு."

"அந்த நாய்?"

"நாய் நான் போட்டது."

"அந்த நாய்க்கு நான் அழுதேன்டி" என்றாள் மெஹர். யாரோ சிரித்தார்கள், அது வரிசை வரிசையாகப் பரவி, கறுப்புத் துணியெல்லாம் குலுங்கியது. ஆப்பா மட்டும் சிரிக்கவில்லை. மீதிப் படத்தை அவர் பார்த்தாரா என்றும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஆற்று மணலில் என்னைத் தன் பக்கத்தில் நடக்கச் சொன்னார். மற்றவர்களை முன்னால் போக விட்டார்.

"அந்தப் பேச்சு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல ஆப்பா. அந்தம்மா பேசாமயே போய்ட்டாங்க. உங்ககிட்ட வந்து அத அப்படியே சொல்ல எனக்கு வாய் வரல."

ஆப்பா நடையை எட்டிப் போட்டார். முற்றம் போயிற்று என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"நேத்து அத அப்படியே என் தம்பிகிட்ட சொல்லிட்டேன்டி" என்றார். "கொட்டாய்க்குப் போறேன்னேன். கூடாதுன்னான். அவன வாசப்படியில நிறுத்தி வச்சுச் சொன்னேன். கல்லு, சாவி, எல்லாம்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"இன்னா சொல்லுவான்? தலைய தொங்கப் போட்டுக்கினு, போய்ட்டு வா ஆப்பான்னான்." அதன் பிறகுதான் அவர் சிரித்தார். முகத்திரைக்குள் சிரித்ததால் எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. "படம் மாறினா வந்துடு. அவன் ஓட்டறத ஓட்டட்டும், நீ சொல்றத சொல்லு."

கல்யாணமாகிப் போகும்வரை சொன்னேன். கோஷா ஆட்டம் அதன் பிறகும் பலமுறை போட்டார்கள், அவர்களும் போனார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, "இப்போ நீ சொல்லு" என்பார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பட்டம் யார் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பீடி முறம் அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் இல்லை. பெண்கள் காலையில் ஷூ கம்பெனி வண்டியில் ஏறிப் போகிறார்கள், அவர்கள் பிள்ளைகள் வேலூருக்குக் காலேஜ் போகிறார்கள். யாருக்கும் படம் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம், அது நல்லதுதான். ஆனால் ஒருத்தர் பார்த்ததை இன்னொருத்தர் கேட்பது நின்றுவிட்டது. ஆளுக்கொரு போன், காதில் ஒரு அடைப்பான்.

இரண்டு மாதம் முன்னால் பெங்களூருக்கு மகள் வீட்டுக்குத் தேவியோடு ரயிலில் போனேன். பக்கத்து சீட்டில் ஒரு நர்ஸ் பெண், ஆஸ்பத்திரிச் சீருடையோடு, போனில் படம் பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். சத்தம் அவள் காதில், படம் இரண்டு பேருக்கும். ஒரு பெண் ஒரு கிழவனிடம் ஏதோ காகிதத்தை நீட்டுகிறாள், அவன் வாங்க மாட்டேன் என்கிறான், அவள் ஜன்னல் பக்கம் போய் நிற்கிறாள். படத்துப் பெண் என்ன சொல்கிறாள் என்று நான் பேச ஆரம்பித்தேன், மெதுவாகத்தான், எனக்கு எதிரில் இருந்த தேவிக்குக் கேட்கும் அளவுக்கு. தேவி கேட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவும் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

குப்பம் ஸ்டேஷன் தாண்டும்போது அந்த நர்ஸ் பெண் நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஒரு அடைப்பானைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க ஆயா, ஒண்ணு நீங்க போட்டுக்கங்க. அவங்க இன்னா பேசறாங்கன்னு கேக்கும்."

"வேணாம்மா" என்றேன். "என் படம் நல்லாப் போய்க்கினு இருக்குது."