மிஷின் சுருதி

வார நாட்களில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதினேன். சனி, ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். இரண்டும் ஒரே வேலைதான். இருப்பதை இருக்கிறபடியே இறக்கி வைக்க வேண்டும். அரூர்ப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் எங்களுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு, "அப்படியே கேசட்ல கேக்கற மாதிரி இருந்துச்சுங்க" என்பது. முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டு எனக்கு மனப்பாடம். அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

ஓய்வு பெற்றதும் தருமபுரி வீட்டின் பின்னறையில் ஒரு கணினி, இரண்டு மைக்கு, பழைய கீபோர்டு எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கென்று ஒரு ஒலி வேண்டும். கேட்டதும் இது இந்த ஆள் என்று தெரிய வேண்டும். ஆனால் எதை வாசித்தாலும் நாலாவது ஆவர்த்தனத்தில் யாரோ ஓர் இசையமைப்பாளர் உள்ளே நுழைந்துவிடுவார். அழித்துவிட்டு மறுபடி வாசித்தால் வேறொருவர் வருவார்.

"ஏங்க, இன்னிக்கு யாரு வந்தது?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்பாள். பெயரைச் சொன்னால் சிரிப்பாள். "பாவம், ஒரு டீ போட்டுத் தர்றேன், குடுத்து அனுப்பிச்சுருங்க."

பிறகு அவளுக்கு நுரையீரல் சுருங்க ஆரம்பித்தது. குணமாகாது, இருக்கும்வரை ஆக்சிஜன் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாடகைக்கு ஒரு மிஷின் வந்தது. கரண்டில் ஓடும். ஓயாமல் முனகும். நடுநடுவே 'புஸ்' என்று பெருமூச்சு விடும். அதன் குழாய் எப்போதும் அவள் மூக்கில் இருந்தது.

பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் கட்டில். நான் எதைப் பதிவு செய்தாலும் அடியில் அந்த முனகல் கேட்டது. நாற்பத்தெட்டு முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினேன். மெத்தையைச் சாய்த்து வைத்தேன். கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்தேன். எதுவும் பலிக்கவில்லை. ஒருநாள் எரிச்சலில், இந்தச் சனியனை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்று கத்தினேன்.

"நிறுத்திரட்டுங்களா?" என்றாள் சுவருக்கு அப்பாலிருந்து. "நிறுத்துனா உங்க பாட்டும் சுத்தமாயிரும், வூடும் சுத்தமாயிரும்."

அதன்பின் நான் மிஷினோடு மல்லுக்கட்டவில்லை. அதன் முனகலைக் கீபோர்டில் தேடினேன். இரண்டு கட்டைகளுக்கு நடுவில், எதிலும் சேராமல் இருந்தது. கீபோர்டின் சுருதியை இறக்கி அதனோடு சேர்த்தேன். ஒரு புஸ்ஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏழு தட்டு விழுந்தது. ஏழிலேயே வாசித்தேன். ஊரில் வோல்டேஜ் குறையும்போது முனகலும் தொய்யும். நானும் தொய்ந்தேன். பழைய ஆட்கள் யாரும் உள்ளே வரவில்லை. வந்தாலும் அந்தச் சுருதியில் அவர்களால் நிற்க முடியவில்லை.

பாட்டை முடித்து அவளுக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் மிஷின் மட்டும் ஓடும். பன்னிரண்டு புஸ் போன பிறகுதான் கீபோர்டு வரும். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டாள்.

"இது யார மாதிரியும் இல்லீங்க," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் போனா இதையே போடுங்க. அந்த ஒப்பாரிப் பாட்டு வேணாம். எல்லா வூட்லயும் அதேதான் கத்துது," என்றாள்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, பதிவு செய்த ஒப்பாரியைப் போடுவார்கள். நாலு தெருவுக்குச் சாவுச் செய்தி அப்படித்தான் போய்ச் சேரும். ஐப்பசி மழையில் ஒரு காலையில் அவள் போனாள். ரேடியோ செட்காரர் எதிர்வீட்டு வேம்பில் இரண்டு குழாய்களைக் கட்டியதும் அந்தப் பாட்டு இருந்த என் பென் டிரைவைக் கொடுத்தேன்.

முனகல் கரகரவென்று தெருவில் கிளம்பியது. உடனே நிறுத்தினார். "ஹம் அடிக்குது சார். எர்த்து சரியில்ல." ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் எர்த் கம்பி நட்ட இடத்தில் ஊற்றினார். மறுபடி போட்டார். அதே முனகல். இன்னொரு சொம்பு ஊற்றினார். ஒயரை மாற்றினார். பிறகு ஆம்ப்ளிஃபயரையே மாற்றினார்.

"எர்த் இல்லப்பா. ஆரம்பமே அப்படித்தான்."

"ஆரம்பமேவா? பாட்டு எப்பங்க சார் வரும்?"

"பன்னண்டு எண்ணு. வந்துரும்."

அவர் விரல் விட்டு எண்ணினார். வந்திருந்தவர்கள் அறுபது பேருக்குக் குறையாது. எல்லோரும் குழாயைப் பார்த்தார்கள். ஐந்தாவது புஸ்ஸில் யாரோ ஒரு பையன் சிரித்துவிட்டான். கம்பைநல்லூரிலிருந்து வந்த என் மைத்துனன் என் தோளைத் தொட்டான்.

"மாமா, சனம் ஒரு மாதிரி பாக்குது. அக்கா கெடக்குது உள்ள. இப்பப் போயி சோதிச்சுக்கிட்டு."

"உங்கக்கா சொன்னதுதான்டா."

"மருந்து மயக்கத்துல சொல்லியிருக்கும், வுடுங்க மாமா."

ஏழாவதில் அவனே கை காட்டினான். செட்காரர் என் பென் டிரைவைப் பிடுங்கி, ஈரக் கையோடு என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, எல்லா வீட்டிலும் போடுகிற ஒப்பாரியைப் போட்டார். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த பெண்கள் முதல் அடியிலேயே ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அடுத்து எந்த அடி வரும், எங்கே குரல் உடையும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் மேடைகளில் வாசித்த ஒரு சினிமாப் பாட்டின் மெட்டுதான். காலையிலிருந்து வராத அழுகை எனக்கு அங்கேதான் வந்தது.

"அழுதுருங்க மாமா," என்று மைத்துனன் என்னைப் பிடித்துக்கொண்டான்.