குலுக்கலில் வராத வீடு

இன்று காலை மலேசியாவில், கோலா சிலாங்கூர் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். வயதான ஓர் அம்மா என் கையைப் பிடித்தார்.

"நீ எங்க எஸ்டேட்டுக்குக் கேள்வி கேக்க வந்த யுனிவர்சிட்டி பொண்ணுதானே?"

பார்வதி அக்கா!

எண்பதுகளில் என் ஆய்வுக்காக எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, அதாவது லயத்து வீடுகளை, சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் எடுத்தேன். நாமாக யாரையும் பொறுக்கக் கூடாது. புள்ளியியல் பாடத்தில் அதுதான் விதி.

லயத்தில் வேறு விதி. கல்யாணத்துக்குச் சொல்ல வந்தால்கூட ஒரு வாசல் விடாமல் சொல்ல வேண்டும். நானோ பக்கத்து வீட்டில் பேசிவிட்டு, அக்கா வீட்டைத் தாண்டிப் போனேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு வந்து, புடவை மாற்றி, எனக்காக மைலோ கலக்கி வைத்திருந்தவர் வாசலிலேயே நின்று கேட்டார்.

"ஏம்மா, என் வீடு வீடு இல்லையா?"

அன்றைய வேலை முடிந்ததும் திரும்பிப் போய், எல்லாக் கேள்விகளையும் அவரிடமும் கேட்டேன். ஆறிப்போன மைலோவையும் குடித்தேன்.

இன்று கேட்கிறார்: "நான் சொன்னதெல்லாம் உன் புக்குல வந்துச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லக்கா. குலுக்கல்ல உங்க வீடு வரல. அதனால சேர்க்க முடியாது."

கொஞ்சம் யோசித்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப அன்னைக்கு எனக்காக மட்டும்தான் வந்திருக்க லா!"

குலுக்கலில் வந்த வீட்டுக்காரர்கள் ஒருவர்கூட இதுவரை என்னை அடையாளம் கண்டுகொண்டதில்லை. புள்ளியியல் வாத்தியார்களே, இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பீர்கள்?