பறந்துபோன உப்பு

தெருவில் ஐஸ்காரன் ரப்பர் ஹாரனை அமுக்கினான். அந்தச் சத்தம் என்னை எண்ணூர்க் கழிமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நைனா அப்போது ராயபுரத்தில் ஒரு வியாபாரிக்கு மோட்டார் ஓட்டினார். பழுது பார்த்த வண்டியைக் கொஞ்சதூரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார் முதலாளி. பூநாரை பார்க்கலாமென்று நைனா என்னையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டார். திருவொற்றியூர் தாண்டியதும் பெட்ரோல் வாசனையோடு சேற்று வாசனையும் சேர்ந்துகொண்டது. நான் இருப்புக்கொள்ளாமல் சீட்டின்மேல் ஏறி நின்றேன். கொக்கு வந்தது, நீர்க்காகம் வந்தது. பூநாரையை மட்டும் காணோம்.

கழிமுகத்தில், தண்ணீருக்கு அந்தப் பக்கம், வெள்ளையாக ஏதோ நீண்டு கிடந்தது.

“நைனா, அதுவா?”

உப்பளத்தில் வேலை செய்த அத்தை சிரித்தாள். “அது உப்பு அம்பாரம்டி. எத்தினி வருசம் வாரிக் கொட்டிக்கீறேன், எனக்குத் தெரியாதா? இன்னாத்துக்குடா கொயந்தைய இம்மாந்தூரம் இட்டாந்தே?”

எனக்கு அழுகை முட்டியது. நைனா ஹாரனை ஓங்கி அமுக்கினார்.

உப்பு எழுந்தது! சிறகுக்குள் ஒளித்திருந்த சிவப்பையெல்லாம் விரித்துக்கொண்டு வானம் கொள்ளாமல் பறந்தது.

“ஐயோ, உப்பு போவுதுடா!” என்று அத்தை கத்தினாள்.

“இன்னாம்மா, ஐஸ் வோணுமா?” என்றான் ஐஸ்காரன். நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.